சாஹ்னியா, பானர்ஜியா: முதலில் யாரைப் படிப்பது?

சிந்துவெளி ஆய்வை ஒருவரின் வாழ்க்கை வழியே அறிய விரும்புவோர், தயாராம் சாஹ்னி, ராக்கால்தாஸ் பானர்ஜி ஆகிய இரு தொல்லியல் அறிஞர்களுக்கிடையே தயங்குவதுண்டு.

களம்: ரயில் பாதைக்காகச் செங்கல் பெயர்க்கப்பட்டுச் சிதைந்திருந்த ஹரப்பா மேட்டை 1921இல் சாஹ்னி அகழ்ந்தார். பானர்ஜியோ, 1922இல் மொகஞ்சதாரோவின் பௌத்தத் தூபியைச் சுற்றி அகழ்ந்தபோது, ஹரப்பா முத்திரைகளை ஒத்த முத்திரைகளைக் கண்டெடுத்து, அவற்றின் தொன்மையை உணர்ந்தார்.

புலமை: சாஹ்னி சமஸ்கிருத அறிஞர், பானர்ஜி நாணயம், கல்வெட்டு, வங்காள நாவல் என விரிந்தவர்.

பணி: சாஹ்னி 1931இல் இந்தியத் தொல்லியல் துறையின் முதல் இந்தியத் தலைமை இயக்குநரானார். பானர்ஜி துறையை விட்டு நீங்கி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1930இல் 45 வயதிலேயே மறைந்தது பேரிழப்பு.

துறையின் வளர்ச்சியை அறிய விழைவோருக்குச் சாஹ்னி பொருந்துவார். ஒரு கண்டுபிடிப்பு எவ்வாறு உருவாகிறது என்று காண விரும்பும் மாணவருக்குப் பானர்ஜியையே பரிந்துரைப்பேன்.