அந்த ஒரு போல்ட்டைத் தவிர எல்லாம் சரி: குழல் மடக்கும் ஏர் ரைஃபிள், சில வருடங்களுக்குப் பிறகு

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார், ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் குழலை வீட்டிலேயே கழற்றலாமா, கடைக்குத்தான் கொடுக்கணுமா என்று. தாராளமாகக் கழற்றலாம். என்னுடையதை எத்தனை தடவை கழற்றி மாட்டினேன் என்ற கணக்கே விட்டுப்போச்சு, என் கோபமும் அதனால்தான், ஏனென்றால் இந்த விலைக்கு வாங்கிய துப்பாக்கியில் குழலை இவ்வளவு அடிக்கடி கழற்ற வேண்டிய அவசியமே வந்திருக்கக் கூடாது.

குழல் துளை 4.5 மி.மீ., குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை, 10 மீட்டர் தாள் இலக்குக்கு வாங்கியது. மற்ற விவரமெல்லாம் பெட்டி மேலேயே இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்குப் பொறுமை இருக்காது. டிரிகர் அருமை. இரண்டு கட்டம், முதல் கட்டம் முடிந்து விரல் நிற்கும் இடம் தெளிவாகத் தெரியும், அதற்கு மேல் லேசாக அழுத்தினால் போதும். காற்று சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம், எடுத்தோம் சுட்டோம் என்று இருக்கலாம். குழலும் நல்ல குழல்தான், பெல்லட் பிராண்டை மாற்றி மாற்றிப் பார்த்து இதற்குப் பிடித்ததைக் கண்டுபிடித்த பிறகு ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழ ஆரம்பித்தன.

இப்போது அந்த போல்ட். குழலின் அடிப்பகுதியை உடலோடு சேர்ப்பது ஒரே ஒரு போல்ட், குழல் மடங்குவதும் அதன் மேல்தான். அது தானாகத் தளராமல் இருக்க என் மாடலில் போல்ட் தலையின் விளிம்பைச் சுற்றி அரைவட்ட வெட்டுகள் போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூவை வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூவின் தலை ஏதாவது ஒரு வெட்டில் உட்கார்ந்துகொண்டால் போல்ட் திரும்பாது. யோசனை நல்ல யோசனைதான், வெட்டுகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி விடாமல் இருந்திருந்தால். புரி இடைவெளி, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு போல்ட் நகரும் தூரம், 1 மி.மீ., வெட்டுகள் 8 என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு வெட்டிலிருந்து அடுத்ததற்குப் போனால் போல்ட் 0.125 மி.மீ. நகர்கிறது. சரியான இறுக்கம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஒரு வெட்டில் வைத்தால் குழல் பக்கவாட்டில் ஆடும், அடுத்ததில் வைத்தால் முறைத்துக்கொண்டு மூட மறுக்கும். திறந்து பாதியில் விட்டால் குழல் விட்ட இடத்திலேயே நிற்கணும், தன் எடைக்குக் கீழே விழவும் கூடாது, முழங்கையால் தள்ள வேண்டிய அளவுக்குப் பிடிக்கவும் கூடாது. இதைவிடப் பெரிதாக நான் எதுவும் கேட்கவில்லை.

இந்த ஆட்டம் வாங்கியதிலிருந்தே இருந்திருக்கும், ஆனால் ஸ்கோப் மாட்டும் வரை எனக்குத் தெரியவில்லை. காரணம் எளிது. இந்த வகையில் முன் குறி, பின் குறி இரண்டும் குழல் பாகத்தின் மேலேயே இருப்பதால் குழல் ஆடினால் குறியும் சேர்ந்தே ஆடும், பெல்லட் குறி பார்த்த இடத்துக்கே போகும். ஸ்கோப் உட்காருவது உடல் மேல். குழல் 450 மி.மீ. என்று வைத்தால் முனையில் 0.1 மி.மீ. விலகல் 10 மீட்டரில் 2 மி.மீ.க்கு மேல். போட்டித் தாளில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ., நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. அதாவது என் கை நடுங்காமல் இருந்தாலும் போல்ட் எனக்காக ஒன்பதை எடுத்துக் கொடுத்துவிடும்.

தயாரிப்பாளருக்கு எழுதினேன். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறதாம்.

கடைசியில் வழி கிடைத்தது குழல் அடிப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் பக்கவாட்டு வாஷர்களில்தான். இருந்ததை எடுத்துவிட்டு அதைவிடக் கொஞ்சம் தடிமனான ஷிம் வாஷர் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) போட்டதும் சரியான இறுக்கம் தானாக ஒரு வெட்டுக்கு நேரே வந்து நின்றது. ஆனால் வாஷர் தேய்கிறது, தேய்ந்தால் மறுபடி கழற்று, மறுபடி அளந்து போடு. ஒவ்வொரு தடவை மாட்டிய பிறகும் ஸ்கோப்பைத் திரும்பக் குறிக்குக் கொண்டுவரணும், அதற்கு ஆகிற பெல்லட் வேறு.

நண்பர் கேட்டதற்கு வருகிறேன். ஸ்பிரிங் ஏற்றியிருக்கக் கூடாது, குழலில் பெல்லட் இருக்கக் கூடாது, இந்த இரண்டையும் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். ஸ்பிரிங் ஏறி குழல் திறந்திருக்கும்போது டிரிகர் விழுந்தால் குழல் அடித்து மூடும், விரல் நடுவில் இருந்தால் விரல் போச்சு, இல்லாவிட்டாலும் குழல் வளையும். போல்ட் தலைக்குச் சரியாகப் பொருந்தும் அகல டிரைவரே வேண்டும், கிடைத்ததை வைத்துத் திருகினால் தலை சிதையும். குழல் கையில் வந்ததும் சீலை, அதாவது இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் வளையத்தை, பார்த்துவிடுங்கள். சுடும்போது இணைப்பின் மேல் வைத்த டிஷ்யூ துண்டு பறந்திருந்தால் அது மாற்ற வேண்டிய சீல். போல்ட்டுக்கும் வாஷருக்கும் மாலிப்டினம் கிரீஸ் மெல்லியதாகப் போதும். எண்ணெய் காற்று அறைக்குள் போனால் அழுத்தத்தில் பற்றிக்கொண்டு வெடிச்சத்தமும் புகையுமாக வரும், சிலர் இதைப் பவர் என்று ரசிக்கிறார்கள், சீலைக் கேட்டால் தெரியும். பிஸ்டன் பக்கம் மட்டும் போகாதீர்கள், அந்த ஸ்பிரிங், அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் கருவி இல்லாமல் எடுக்கிற சாமான் இல்லை.

அவர் குழலையே 5.5 மி.மீ.க்கு மாற்றலாமா என்றும் கேட்டார். முதலில் அவர் ஊர்ச் சட்டத்தைப் பார்க்கட்டும். இந்தியாவில் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலையோ குழல் துளை 4.5 மி.மீ.யையோ தாண்டினால் உரிமம், ஜெர்மனியில் 7.5 ஜூல், இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு என்று எல்லை ஒவ்வொரு இடத்திலும் வேறு. பதிவு செய்த துப்பாக்கி என்றால் மாற்றுவதற்கு முன்னாலேயே அனுமதி வாங்கணும், மாற்றிவிட்டுப் போய் நிற்கக் கூடாது.

சரி, வாங்கலாமா? நேற்று கேட்டிருந்தால் வாங்குங்கள் என்றிருப்பேன், நேற்று நன்றாகச் சுட்டது. இன்று காலை குழல் மறுபடி லேசாக ஆடியது, அதனால் வேண்டாம். அதே விலையில் வெட்டு போட்ட தலைக்குப் பதில் லாக்நட் (போல்ட் தளராமல் பூட்டும் நட்) வைத்த மாடல் கிடைத்தால், டிரிகர் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் அதை எடுங்கள். என்னுடையதை யாராவது விலைக்குக் கேட்டால் மட்டும் கொடுக்க மாட்டேன்.