காற்றடிக்கும் ரோபோ கையுறை: அப்பாவின் வலது கையோடு ஐந்து மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்தில் போன கை இந்தக் கையுறையை மாட்டினால் வந்துவிடும் என்று நினைத்து யாராவது படித்துக்கொண்டிருந்தால், வராது. எங்கள் அப்பாவுக்கு வரவில்லை. ஆனால் தூக்கிப் பரணில் போடவும் இல்லை, தினமும் காலையில் இருபது நிமிஷம் எங்கள் வீட்டு ஹாலில் அது புஸ் புஸ் என்று காற்றடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அப்பாவுக்கு 63 வயது. கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார், நாற்பது வருஷம் சக் சாவியைத் திருகியும் மைக்ரோமீட்டர் பிடித்தும் பழகிய கை. போன ஆடியில் ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது பிரஷ் நழுவி விழுந்தது, எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. மூளையின் இடது பக்கம் அடைப்பு, வலது பக்கம் உடம்பு போய்விட்டது. பேச்சு கொஞ்சம் குழறலோடு ஒரு வாரத்தில் திரும்பியது, கால் ஒன்றரை மாதத்தில் தடி ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது, கை மட்டும் அசையாமல் கிடந்தது. நான்காவது மாதத்தில் தோளைக் கொஞ்சம் தூக்குவார், முழங்கையை மடக்குவார், விரல்களோ உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகிப்போய் இருந்தன. நகம் வெட்டவே இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிரித்துப் பிடிக்க, ஒருவர் வெட்ட.

அந்த நேரம் பார்த்துத்தான் போனில் இந்த விளம்பரம் வந்தது. வெளிநாட்டுத் தாத்தா ஒருவர் கையுறையை மாட்டுகிறார், அடுத்த காட்சியில் காபி கப்பைத் தூக்குகிறார். ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஆர்டர் போட்டேன், பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். பிராண்ட் பெயரைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, பெட்டியில் ஒரு பெயர், உள்ளே இருந்த கையேட்டில் வேறொரு பெயர், இதே சாமானை ஆன்லைனில் பத்துப் பெயரில் விற்கிறார்கள், படத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்றால், ஒரு கையுறை, அதன் முதுகுப்புறம் விரலுக்கு ஒன்றாக மடிப்பு மடிப்பான ஐந்து ட்யூப் (வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் ட்யூபைக் குட்டியாக்கியது மாதிரி), அப்புறம் கைக்கடக்கமான ஒரு கன்ட்ரோலர் பெட்டி, அதற்குள் காற்று பம்ப். காற்றை அடித்தால் ட்யூப் நீண்டு விரலை மடக்கும், காற்றை உறிஞ்சினால் ட்யூப் சுருங்கி விரலைப் பின்னால் இழுத்து நிமிர்த்தும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். நல்ல கைக்கு சென்சார் வைத்த மெல்லிய கையுறை இன்னொன்று தருகிறார்கள், அதை மாட்டிக்கொண்டு நல்ல கையை விரித்தால் முடங்கிய கையையும் பம்ப் விரித்துவிடும். இதற்கு மிரர் மோட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மாட்டுவதுதான் முதல் கண்டம். சுருண்ட கையைக் கையுறைக்குள் எப்படி நுழைப்பது என்று எந்த வீடியோவிலும் காட்டமாட்டார்கள். முதல் நாள் நாற்பது நிமிஷம் ஆனது, அம்மா ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் தள்ள, அப்பா இரண்டு பேரையும் திட்ட. போதாததற்கு நான் வாங்கிய எல் சைஸ் பட்டறைக்காரர் விரலுக்குப் பத்தவில்லை, எக்ஸ்எல் மாற்றி வாங்க பன்னிரண்டு நாள். வாங்குபவர்கள் உள்ளங்கையை நாடா வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது குறையை அப்பாவே கண்டுபிடித்தார். கையுறை விரலை மடக்குவதில் புலி, விரிப்பதில் பூனை. அப்பாவுக்கு வேண்டியதோ விரிப்பதுதான், மடங்குவது தானாகவே மடங்கித் தொலைக்கிறதே. பலத்தை உச்சத்தில் வைத்தும் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிதான் நிமிர்ந்தன. மெஷின் கோளாறு, திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துவிட்டு, "கோளாறெல்லாம் இல்ல சாமி. காத்து அடிக்கறதுன்னா எவ்வளவு பிரஷர் வேணா ஏத்தலாம். உறிஞ்சறதுக்கு ஒரு அளவுக்கு மேல முடியாது, வெளிக்காத்து தள்ளற அளவுதான்" என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவ்வளவு நீளமாக அவர் பேசியது அன்றைக்குத்தான், அதற்காகவே இந்தச் சாமானுக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடுகிறேன்.

எங்கள் பகுதிக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வருவார், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த திட்டம், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், காசு இல்லை. சின்னப் பெண். கையுறையைப் பெருமையாகக் காட்டினேன். புகழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பா, இது விரலை விரிக்கும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?"

"டிவி பாப்பேன் அம்மிணி."

"அப்போ எக்சர்சைஸ் மெஷினுக்குத்தான் ஆகுது, உங்களுக்கு இல்ல."

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இந்த ரிவ்யூவில் உருப்படியான பகுதி. கெட்டுப்போனது கை இல்லை, மூளையில் அந்தக் கையை ஆட்டிவைத்த இடம். மிச்சமிருக்கிற மூளை அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், விரலை விரி என்ற கட்டளையை அது தன் முயற்சியில் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். விரல் அசையாவிட்டாலும் பரவாயில்லை, முயற்சி வேண்டும். மெஷின் சும்மா விரித்து மூடிக்கொண்டிருந்தால் மூட்டும் தசையும் இறுகிப்போகாமல் இருக்கும், அதுவும் ஒரு நன்மைதான், ஆனால் மூளைக்குப் பாடம் நடக்காது. அன்றிலிருந்து டிவி அணைந்தது. பம்ப் உறிஞ்ச ஆரம்பிக்கும் நொடியில் அப்பா "விரி" என்று வாய்விட்டுச் சொல்லி, தானும் முக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் நெற்றி வேர்த்துவிடும். மாட்டும் வித்தையையும் அந்தப் பிசியோ பெண்தான் காட்டினார், மணிக்கட்டைக் கீழ்ப்பக்கம் மடக்கிப் பிடித்தால் விரல் தானாகக் கொஞ்சம் தளரும், கட்டை விரலை முதலில் வெளியே எடுத்துவிட்டு மற்ற விரல்களை நுழைக்க வேண்டும். இப்போது ஆறு நிமிஷத்தில் அம்மா தனியாகவே மாட்டிவிடுகிறார்.

போகும்போது எங்கள் வீட்டில் சேர்ந்திருந்த, கையால் அமுக்கிப் பிசையும் மஞ்சள் சிரிப்புமுகப் பந்துகளையும் எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தது, மொத்தம் ஐந்து. ஏற்கெனவே இறுகிய கையை இன்னும் இறுக்கிப் பழக்குவதற்கு எதற்குப் பந்து? ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் அப்பா கைக்கு அது வேண்டாம் என்றார்.

அப்புறம் எண்ணிக்கை. கையுறையின் டிஸ்ப்ளேயில் நிமிஷம்தான் ஓடும், எத்தனை தடவை என்று காட்டாது, எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. அமெரிக்காவில் 2009இல் வந்த ஓர் ஆய்வில், பக்கவாத நோயாளிகளுக்கு நடந்த தெரபி நேரங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், ஒரு நேரத்துக்குக் கையை வைத்து உருப்படியாகச் செய்த அசைவு சராசரியாக 32 தடவைதான். மூளை திரும்பக் கற்பதை ஆராய்ந்த விலங்குச் சோதனைகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்யவைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அப்பாவுக்குள் இருந்த பட்டறைக்காரர் விழித்துக்கொண்டார். ஒரு ட்ரேயில் எம்20 நட்டுகள் (20 மில்லிமீட்டர் போல்ட்டில் மாட்டும் பெரிய நட்டு), பக்கத்தில் காலி ட்ரே, இங்கிருந்து எடுத்து அங்கே போட வேண்டும். ஆரம்பத்தில் எடுக்கவே முடியாது, விரலால் தள்ளிவிடுவதோடு சரி. நூறு தடவை ஒரு பேட்ச், நாளைக்கு மூன்று பேட்ச், அம்மா காலண்டரில் கோடு போடுவார், ஒரு பேட்ச் குறைந்தால் "இன்னிக்கு புரொடக்‌ஷன் டவுன்" என்று அப்பாவே ஒத்துக்கொள்வார். கையுறை இந்த வேலைக்கு முன்னால் கையைத் தளர்த்திக் கொடுக்கிறது. மாட்டாமல் உட்கார்ந்தால் முதல் முப்பது நட்டு வீண், மாட்டிக் கழற்றிய பிறகு என்றால் முதல் நட்டிலிருந்தே விரல் வழிக்கு வருகிறது. அந்தத் தளர்வு முக்கால் மணி நேரம்போல நிற்கும், அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

இப்போது அந்த மிரர் மோட் விஷயம். கண்ணாடி சிகிச்சை என்று நிஜமாகவே ஒன்று உண்டு. நம் தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், கை வெட்டுப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துச் செய்துபார்த்தது அது. 1999இல் அவரும் சேர்ந்து அதைப் பக்கவாதம் வந்த ஒன்பது பேரிடம் சோதித்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, முடங்கிய கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை ஆட்ட வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் முடங்கிய கையே ஆடுகிற மாதிரி இருக்கும், மூளை ஏமாறும், அந்த ஏமாற்றுதான் மருந்து. கையுறைக்காரர்கள் சொல்லும் மிரர் மோடில் கண்ணாடியும் கிடையாது, ஏமாற்றும் கிடையாது, நல்ல கை அங்கே ஒரு ஸ்விட்ச், அவ்வளவே. அதுவும் நல்ல கை விரித்து அரை நொடி கழித்துத்தான் இந்தக் கை விரிகிறது. நான் கண்ணாடிக் கடையில் ஓரம் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றை நூற்றி எண்பது ரூபாய்க்கு வாங்கி, இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவில் நிறுத்தினேன். முதல் நாள் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நல்ல கையை விரித்தார், விரித்தார், அப்புறம் திரும்பிக் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே கை அப்படியேதான் கிடந்தது. ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி முன்னால் பார்த்து விரிக்க ஆரம்பித்தார்.

நல்ல கையைக் கட்டிவைக்கும் சிகிச்சையும் கொஞ்ச நாள் பார்த்தோம். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளரின் வேலையிலிருந்து வந்தது. 2006இல் 222 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டி, முடங்கிய கையாலேயே வேலை செய்யவைத்தார்கள், வழக்கமான கவனிப்பைவிட நல்ல பலன் இருந்தது. ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது தானாக நிமிர்பவர்களுக்குத்தான் இது சரிப்படும். அப்பாவுக்குக் கையுறை வந்து மூன்றாவது மாதக் கடைசியில்தான் அந்த அளவு வந்தது. அம்மா பழைய துணியில் ஒரு பை தைத்து இடது கையில் மாட்டிவிட்டு, தட்டில் இட்லி வைத்தார். ஒரு இட்லிக்கு இருபத்தைந்து நிமிஷம், சட்டையெல்லாம் சாம்பார். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் என்று குறைத்துக்கொண்டோம், முழுநாள் கட்டிவைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை, எனக்கும்தான்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு அந்தக் கையில் உணர்ச்சி குறைவு, கையுறை ஓரம் கட்டை விரல் மடிப்பில் உரசிச் சிவந்தது அவருக்குத் தெரியவே இல்லை, அதனால் கழற்றியதும் வெளிச்சத்தில் கையைத் திருப்பிப் பாருங்கள். கையுறையும் ட்யூபும் சேர்ந்து கனமாக இருக்கும், கையைத் தொங்கவிட்டு ஓட்டக்கூடாது, தலையணை வைத்து மேஜையில் தாங்கிக்கொடுங்கள், தளர்ந்த தோளில் பாரம் இழுத்தால் கை எலும்பு தோள் மூட்டின் கிண்ணத்திலிருந்து இறங்கும். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஆரம்பத்தில் நாங்கள் போன ஒரு தெரபி நிலையத்தில் தலைக்கு மேலே கயிற்றுக் கப்பியை மாட்டி, நல்ல கையால் முடங்கிய கையை இழுக்கச் சொன்னார்கள். தோள் வலி பிடித்து ஒரு மாதம் தூக்கம் போனது. பக்கவாதத் தோளுக்கு அந்தக் கப்பி கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. விரல் ரொம்ப இறுகி மூட்டே மடங்கி நின்றுவிட்டவர்களுக்கு இந்தக் கையுறையைக் கட்டாயப்படுத்தி மாட்டாதீர்கள், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், இறுக்கத்துக்கு மாத்திரையும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது.

நான்காவது மாதம் நடுவிரல் ட்யூபில் காற்று கசிந்தது. வாரண்டி மூன்று மாதம்தான், விற்றவர்களுக்கு மெசேஜ் போட்டால் புதுக் கையுறை நாலாயிரம் என்று பதில். அப்பா கன்ட்ரோலரை மேஜையில் வைக்கச் சொன்னார், ட்யூபைத் தண்ணீர் வாளியில் முக்கி எங்கே குமிழ் வருகிறது என்று பார்க்கச் சொன்னார், சைக்கிள் ட்யூப் ஒட்டும் சொல்யூஷன் வாங்கிவரச் சொன்னார், நான் தேய்த்தது பத்தாது என்று உப்புத்தாளை என்னிடமிருந்து இடது கையால் பிடுங்கிக்கொண்டார். ட்யூபை அசையாமல் பிடிக்க ஒரு கை வேண்டுமே, நான் என்னவோ எடுக்கத் திரும்பினேன், வந்து பார்த்தால் வலது கை அதை மேஜையோடு அழுத்திப் பிடித்திருந்தது. விரல் விரியவில்லை, ஒழுங்காகப் பிடிக்கவும் இல்லை, உள்ளங்கையின் ஓரத்தால் அமுக்கியிருந்தார். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

இன்றைய நிலவரம்: எம்20 நட்டை எடுத்துப் போடுகிறார், எம்12 இன்னும் நழுவுகிறது. பாதித் தண்ணீர் ஊற்றிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். சட்டைப் பொத்தான் முடியாது, கையெழுத்து முடியாது. இதில் கையுறைக்கு எவ்வளவு, நட்டுக்கு எவ்வளவு, கண்ணாடிக்கு எவ்வளவு, சும்மா நாள் ஓடியதற்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது, பிரித்துச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

கையிருப்பு குறைவாக இருந்தால் கண்ணாடியும் ஒரு கிலோ நட்டும் வாங்குங்கள், கையுறைக்கு அவசரமில்லை. காசு இருந்து, விரல் இறுக்கம்தான் தொல்லை என்றால், பிசியோவிடம் கேட்டுவிட்டு வாங்கலாம். நான் 5க்கு 3 தருகிறேன். அப்பா ஒன்றுதான் தருவாராம், அதுவும் கன்ட்ரோலர் பெட்டியில் போட்டிருக்கிற ஸ்க்ரூ நல்ல ஸ்க்ரூ என்பதால்.