மூன்று கைப்பிடி மாதம்: கெசிக் பப் ஒன்றில் ஏழு வருடம்

முதல் தடவை அந்த பப்புக்குள் போனது பீருக்காக இல்லை, மழைக்கு ஒதுங்க. 2018 அக்டோபர். கேட்பெல்ஸ் குன்றில் ஏறி இறங்கி, காலணிக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்க, வட இங்கிலாந்தின் மலையூரான கெசிக்கின் கடைத்தெருவில் முதலில் கண்ணில் பட்ட கதவைத் தள்ளினேன். (எழுத்துக்கூட்டிப் படித்தால் 'கெஸ்விக்' என்று வரும். அப்படிச் சொன்னால் வெளியூர் ஆள் என்று அங்கேயே தெரிந்துவிடும். உள்ளூர் வாயில் அது 'கெசிக்'.) இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிகம் மழை பெய்யும் சீத்வெயிட் இந்த ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு மடக்குக் குடையை நம்பிப் போயிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு, கொரோனாக் காலம் போக, வருடத்துக்கு மூன்று நான்கு தடவை போய்விடுகிறேன். வேலை மான்செஸ்டரில். பென்ரித் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் கெசிக். பப்பின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை. சுமார் ஐயாயிரம் பேர் இருக்கிற ஊர், கீழே ஒரு புகாரும் வருகிறது, அந்தப் புகாருக்குரியவர்கள் இப்போது அங்கே இல்லை. எதற்கு வம்பு.

அந்த பப்பில் ஊற்றும் ரியல் ஏல் என்ற பீர் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நாம் ஊரில் குடித்துப் பழகிய பீர், ஆலையை விட்டுக் கிளம்பும்போதே கதை முடிந்த பீர். வடிகட்டி, சூடுகாட்டி, வாயு ஏற்றி, மூடி போட்டு அனுப்பிவிடுவார்கள். ரியல் ஏலில் ஈஸ்ட் உயிரோடு பீப்பாய்க்குள் போகிறது. பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் நொதித்துக்கொண்டிருக்கிறது. இட்லி மாவை அரைத்து மூடிவைத்த பிறகு பாத்திரத்துக்குள் நடக்குமே, அதே வேலைதான். பொங்கும், அடங்கும், ஒரு பக்குவத்துக்கு வரும், விட்டால் புளிக்கும். பெரிய கம்பெனிகளுக்கு இந்தத் தொல்லை பிடிக்கவில்லை. 1960களில் எங்கே பார்த்தாலும் வாயு ஏற்றிய பீராக மாற்றிக்கொண்டு வந்தார்கள். 1971இல் அயர்லாந்தின் மேற்குக் கோடிக்கு, டன்குவின் என்ற ஊருக்கு, விடுமுறை போன நாலு இங்கிலாந்து இளைஞர்கள் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து புலம்பி ஆரம்பித்ததுதான் கேம்ரா, ரியல் ஏலுக்காகப் போராடும் இயக்கம். கடைசியில் பீருக்காகவும் ஒரு சங்கம். அது இன்னும் நடக்கிறது.

"சூடா இருக்குமாமே?" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். சூடெல்லாம் இல்லை. 11 முதல் 13 டிகிரி. மண்பானைத் தண்ணீருக்கும் ஃபிரிட்ஜ் தண்ணீருக்கும் நடுவில் ஒரு குளிர்ச்சி. பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்தால் நாக்குக்கு ஒன்றும் பிடிபடாது.

மழைக்கு ஒதுங்கிய அந்த முதல் நாள் கவுன்டரில் ஆறு கைப்பிடிகள் வரிசையாக நின்றன. ஹேண்ட் பம்ப் என்பார்கள். நம் ஊர் அடிபம்பு மாதிரி கையால் இழுத்தால்தான் நிலவறையிலிருந்து பீர் மேலே வரும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பீர் பெயர் எழுதிய சின்ன பட்டயம், பம்ப் கிளிப். எது என்னவென்று தெரியாமல் ஒரு படகுப் படத்தைப் பார்த்து விரலை நீட்டினேன். கோனிஸ்டன் ஆலையின் புளூபேர்ட் பிட்டர். 1967இல் கோனிஸ்டன் ஏரியில் வேகச் சாதனை முயற்சியில் டொனால்ட் கேம்பெல் உயிரை விட்ட படகின் பெயர். 1998இல் கேம்ராவின் பிரிட்டன் சாம்பியன் பட்டம் வாங்கிய பீர். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. முதல் வாய் ஏமாற்றம்தான். நுரை இருக்கிறது, மூக்கில் சுர்ரென்று ஏறும் வாயு இல்லை. மூன்றாவது வாயில்தான் பிடிபட்டது: முறுகின ரொட்டி ஓரத்தின் வாசம், அதற்குப் பின்னால் நார்த்தங்காய்த் தோலைக் கடித்தது போல் ஒரு மெல்லிய கசப்பு. குடித்து முடித்தபோது கண்ணாடியில் நுரை வளையம் வளையமாக ஒட்டியிருந்தது. போதை 3.6 சதவீதம்தான். மழை நிற்பதற்குள் இரண்டு பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) ஆகியும் தலை தெளிவாக இருந்தது.

இனி புகார். அதே பப், 2019 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை மதியம். உள்ளே நான், ஒரு கிழவர், அவருடைய நாய். ஆறு கைப்பிடியிலும் பீர். ஆசையாக அதே புளூபேர்டைக் கேட்டேன். வாயில் வைத்ததும் புளிப்பு. மதியத்துக்குமேல் வெயிலில் நின்ற கள் இருக்கிறதே, அந்தப் புளிப்பு, ஓரத்தில் காடி வாடை. தயங்கித் தயங்கிக் கவுன்டரில் சொன்னேன். அங்கே நின்ற பையன், "ரியல் ஏல்னா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி துடைக்கப் போய்விட்டான். நம்பினேன். என் நாக்குக்குத்தான் பழக்கமில்லை போலிருக்கிறது என்று முழு பைன்டையும் குடித்துத் தொலைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல்தான் கோபம் வருகிறது. அடுத்த குளிர்காலத்திலும் ஒருமுறை அதே கதை. மே மாதம் போனால் அமிர்தம், ஜனவரியில் போனால் ஊறுகாய்த் தண்ணீர். ஒரே பப், ஒரே பீர். காரணம் விளங்கவில்லை.

விளங்க வைத்தது புதிதாக வந்த லேண்ட்லேடி. 2020 மார்ச் 20ஆம் தேதி இரவோடு நாடு முழுக்க பப்களை அடைத்தார்கள். இங்கிலாந்தில் மறுபடி திறந்தது ஜூலை 4. உயிருள்ள பீர் அத்தனை நாள் காத்திருக்காது. பீப்பாய் பீப்பாயாகச் சாக்கடையில் கொட்ட வேண்டியிருந்தது. பழைய ஆட்கள் அதோடு கடையை விட்டுப் போனார்கள். அடுத்த வருடம் இந்த அம்மா எடுத்து நடத்த வந்தார். ஐம்பது வயசு இருக்கும். யாரைப் பார்த்தாலும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், எண்பது வயசுக் கிழவரையும் சேர்த்து.

2022 பிப்ரவரியில் போனேன். ஆறில் மூன்று கைப்பிடிகளில் பம்ப் கிளிப் முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது. அப்படித் திருப்பி வைத்தால் அந்தப் பீர் இல்லை என்று அர்த்தம். "என்னங்க, சரக்கு வரலையா?" என்று கேட்டேன். ஆள் யாரும் இல்லாத நேரம். "வாங்க, காட்டறேன்" என்று நிலவறைக்குக் கூட்டிப்போனார்.

செங்குத்தான படி, குனிந்தால்தான் தலை தப்பும். சுண்ணாம்பு அடித்த சுவர், ஈரக் கல் வாசனை, ஏசியின் உறுமல். மரச்சட்டத்தின்மேல் பீப்பாய்கள் படுத்த வாக்கில். மேல் பக்கத்துத் தக்கையில் ஒரு துளை போட்டு, அதில் பென்சில் கனத்துக்கு ஒரு மரமுளை செருகியிருந்தார். காற்றை உள்ளே வெளியே விடும் மென்மரம். அதைச் சுற்றிப் பழுப்பு நுரை கொப்புளித்தது. துணியால் துடைத்தார். நான் எண்ணினேன்; ஐந்து நொடிக்குள் மறுபடி நுரை. "இன்னும் வேலை செய்யுது பாருங்க." பக்கத்துப் பீப்பாயில் துடைத்தார். நுரை வரவே நேரம் எடுத்தது. "இது அடங்கிடுச்சு." அடங்கினதும் காற்றுப் புகாத கடினமான முளைக்கு மாற்ற வேண்டுமாம். அதன் பிறகு ஒரு நாளாவது அசைக்காமல் விட்டுத் தெளியவைத்து, மரச் சுத்தியலால் ஒரே அடியில் குழாயை இறக்க வேண்டும். இரண்டாம் அடிக்கு வழியில்லை. தயங்கினால் ஆள் பீரில் குளிப்பார்.

அங்கேயே கணக்கும் சொன்னார். பப்களில் புழங்கும் சாதாரணப் பீப்பாய் ஒன்பது கேலன், 72 பைன்ட். கசடு போக எழுபது தேறினால் அதிகம். குழாய் இறக்கிய நிமிடத்திலிருந்து, ஊற்ற ஊற்ற உள்ளே வெளிக்காற்று புகுகிறது. மூன்று நாள்தான் கெடு. அப்படியென்றால் ஒரு கைப்பிடிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 23 பைன்ட் விற்றாக வேண்டும். ஆறு கைப்பிடிக்கு 140 பக்கம். "ஆகஸ்ட்ல மத்தியானமே வித்துரும். பிப்ரவரியில இந்த ஊர்ல யாரு இருக்கா? நீங்களும் நாலு நாயும்."

என் 2019 மர்மம் அங்கே தீர்ந்தது. பழைய ஆட்களுக்கு ஆறு கைப்பிடி என்பது ஒரு கௌரவம். ஆள் வராத மாதத்திலும் ஆறையும் ஓடவிட்டு, வாரக்கணக்கில் அதையே ஊற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தச் சுற்றுலா ஊருக்குப் போனாலும், சீசன் இல்லாத மாதத்தில் எத்தனை கைப்பிடி ஓடுகிறது என்றுதான் முதலில் எண்ணுகிறேன். மூன்று என்றால் உட்காருவேன். சின்ன ஊரில், ஜனவரியில், ஆள் இல்லாத கடையில் எட்டு ஓடினால் அரை பைன்ட் மட்டும் கேட்டு முகர்ந்து பார்ப்பேன்.

நிலவறைக்குப் போனதில் ஒரு நஷ்டமும் உண்டு, எனக்கில்லை, என் கும்பகோணத்து நண்பனுக்கு. சுத்த சைவம். மூன்று வருடமாக என்னோடு வந்து ஏல் குடித்தவன். கலங்கலைத் தெளியவைக்க என்ன போடுகிறார்கள் என்று அந்த அம்மா சொன்னதை அவனிடம் சொன்னேன்: மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஒரு பசை. பீரில் அது தங்காது, கசடோடு அடியில் இறங்கிவிடும் என்றெல்லாம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "டேய், மூணு வருஷமா மீன் தண்ணியையா குடிக்க வச்சே?" என்று கண்ணாடியை என் பக்கம் நகர்த்திவிட்டான். இப்போது எல்லா பப்பிலும் முதல் கேள்வியே "வீகனா?" என்பதுதான். தெளியவைக்காமல் கலங்கலாகவே ஊற்றும் ஏல்கள் இப்போது நிறைய வருகின்றன. அவன் அதிலேயே சந்தோஷமாக இருக்கிறான்.

உள்ளூர்ச் சரக்கு பற்றி. கெசிக்கிலேயே 2006 முதல் ஒரு ஆலை இருக்கிறது. அவர்கள் பீர் சிலவற்றின் பெயர் 'தர்ஸ்ட்' என்று ஆரம்பிக்கும், தாகம். தர்ஸ்ட் ரெஸ்க்யூ குடித்தால் ஒரு பங்கு மலை மீட்புக் குழுவுக்குப் போகிறது. மலையில் வழி தவறுகிற என் மாதிரி ஆட்களுக்கு அது முன்பணம். பக்கத்து ஊர் காக்கர்மவுத்தில் ஜென்னிங்ஸ் ஆலை, 1828இல் தொடங்கிய பழைய பெயர். 2009 நவம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த ஆலை, 2022இல் மூடப்பட்டபோது பப்பில் துக்க வீடு மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். அவர்களுடைய ஒரு கறுத்த பீருக்கு ஸ்னெக் லிஃப்டர் என்று பெயர். ஸ்னெக் என்றால் கதவுத் தாழ்ப்பாள். பையில் கடைசியாகக் கிடக்கிற ஒரே காசுக்கு அந்தப் பெயராம்: அதை வைத்துத் தாழ்ப்பாளைத் தூக்கி உள்ளே போய் ஒரு பைன்ட் வாங்கிவிட்டால், மீதிக்குத் தெரிந்தவன் எவனாவது வாங்கித் தருவான் என்ற நம்பிக்கை. நம் ஊரிலும் ஆள் உண்டு, பெயர்தான் வைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். கவுன்டருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, நீங்களே தூக்கி வர வேண்டும். அங்கே வரிசை என்று ஒன்று நிற்காது, ஆனால் யார் யாருக்குப் பின்னால் வந்தார்கள் என்பது ஊற்றுகிறவருக்கும் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு முன் வந்தவரைக் காட்டி "இவர்தான் முதல்ல" என்று சொல்லிப்பாருங்கள், அப்புறம் மரியாதையே வேறு. கையை நீட்டி நோட்டை ஆட்டினால் கடைசியில்தான் கிடைக்கும். பீர் புளித்திருந்தால் பாதி குடித்துவிட்டுச் சொல்லாதீர்கள். இரண்டு வாயில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒழுங்கான கடையில் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றித் தருவார்கள். கடை திறந்ததும் முதல் பைன்ட் வாங்குவதாக இருந்தால், இரவெல்லாம் குழாயில் நின்றதை இழுத்துக் கொட்டினாரா என்று கண் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு சுமார். பை (இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம்), கிரேவி, சுருட்டி வைத்த கம்பர்லேண்ட் சாசேஜ். சமையலறையை எட்டு, எட்டரைக்கெல்லாம் சாத்திவிடுவார்கள். ஒன்பது மணிக்குப் பசிக்கிற நம் வயிற்றுக்கு அது பெரிய அநியாயம். இரண்டு தடவை உருளை சிப்ஸ் பாக்கெட்டோடு படுக்கப் போயிருக்கிறேன். நாய் பிடிக்காதவர்கள் வேறு ஊர் பார்ப்பது நல்லது, கெசிக்கில் மழை நாளில் ஈர நாய் வாசம் இல்லாத பப்பே கிடையாது. விலை நான் பார்க்கவே ஏறிவிட்டது: ஆரம்பத்தில் நாலு பவுண்டுக்குள் இருந்த பைன்ட் இப்போது ஐந்தைத் தொடுகிறது. ஆகஸ்ட்டில் பீர் பிரமாதமாக இருக்கும், உட்கார இடம் இருக்காது. என் கட்சி மே, இல்லையென்றால் செப்டம்பர்.

கார் வேண்டாம். ஊருக்கு இருந்த ரயிலை 1972இலேயே நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் போன வழி த்ரெல்கெல்ட் வரை இப்போது நடைபாதை. பென்ரித்துக்கு எக்ஸ்4, எக்ஸ்5 பேருந்து, விண்டர்மியர் பக்கம் 555. கடைசி வண்டி நேரத்தைக் குடிப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

போன பிப்ரவரியில் போனபோது இரண்டே கைப்பிடிதான் ஓடியது. மூன்றாவதன் கிளிப் சுவரைப் பார்த்திருந்தது. கீழே வந்திருப்பது ஒரு கறுப்பு மைல்டு (கசப்புக் குறைந்த ஏல் வகை), இந்தப் பக்கம் அபூர்வம் என்றார் அந்த அம்மா. "இன்னிக்கே கொஞ்சம் ஊத்தலாமே?" என்று இழுத்தேன். "நாளைக்குத்தான் தெளியும், லவ்." எனக்கு மறுநாள் வேலை. ஐந்து மணி வண்டியைப் பிடித்துவிட்டேன்.