"மூணே ஊசியில் ஜவ்வு ஒட்டிடும்": திருச்சிப் பக்கத்து மூட்டு மையத்தில் 36,000 ரூபாய் கட்டிய கதை

முட்டி ஜவ்வு கிழிந்தவர்களுக்கு "ஆபரேஷன் வேண்டாம், ஊசி போதும்" என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்யும் மையம் எதிலாவது பணம் கட்டப் போகிறீர்களா? கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். திருச்சிப் பக்கத்தில் அப்படி ஓர் இடத்தில் என் தம்பிக்காக 36,000 ரூபாய் கட்டினோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த மாதங்களில் அவன் முட்டிக்குள் நன்றாக இருந்த இன்னொரு பாகமும் கெட்டுப்போனது. மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், இப்போது பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

தம்பிக்கு 22 வயது. ஊர் கபடி அணியில் ரைடர். திருவிழாப் போட்டியில் ரைடு போய்த் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். பாதம் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னான். எழுந்து நின்றான், ஆனால் ஆட முடியவில்லை. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள் முட்டி நன்றாக வீங்கிவிட்டது.

முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் இரண்டு தசைநார்கள் (நாம் ஜவ்வு என்று சொல்வது) குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அதில் முன்பக்கத்தது ஏசிஎல். அது அறுந்தால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: திரும்பும்போதோ, குதித்து இறங்கும்போதோ, ஓடிவந்து சட்டென்று நிற்கும்போதோ அடி படும், சத்தம் கேட்கும், சில மணி நேரத்துக்குள் வீங்கும். தசைநாரோடு சேர்ந்து ரத்தக்குழாயும் அறுந்து மூட்டுக்குள் ரத்தம் கட்டுவதால்தான் இவ்வளவு வேகமாக வீங்குகிறது. அடிபட்ட அன்றைக்கே முட்டி இப்படி வீங்கினால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

மறுநாள் பக்கத்து ஊர் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "எலும்பு நல்லா இருக்கு, ஒண்ணுமில்ல" என்றார்கள். முட்டி விஷயத்தில் அதிகம் பேரை ஏமாற்றும் வாக்கியம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. கீழ்க்கால் எலும்பின் வெளி ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் அதை வைத்து ஏசிஎல்லைச் சந்தேகிக்கலாம். செகோன் (Segond) என்ற பிரெஞ்சு மருத்துவர் 1879-லேயே எழுதி வைத்த விஷயம் அது, அவர் பெயரில்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அப்படிப் பெயராது. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் தசைநாரும் சுத்தமாக இருக்கிறது என்று ஆகாது.

வீக்கம் குறையாததால் எம்ஆர்ஐ எடுத்தோம். அதற்குள் அம்மாவின் போனில் அந்த விளம்பரம் வந்துவிட்டது. ஒரு பெரியவர் மாடிப்படி ஏறுகிறார், ஓர் இளைஞர் பந்து உதைக்கிறார், கீழே "கத்தி இல்லை, தையல் இல்லை". ஆபரேஷன் என்றாலே பயப்படும் அம்மாவுக்கு இது போதாதா? ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனோம்.

வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "லேசாத்தான் கிழிஞ்சிருக்கும்மா. தம்பிக்குச் சின்ன வயசு, ஸ்டெம் செல் ஊசி மூணு போட்டா தானா ஒட்டிடும்" என்றார். ரிப்போர்ட்டும் ஃபிலிமும் ஃபைலுக்கு வேண்டும் என்று அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். தம்பியின் முட்டியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் பக்கத்து அறையில் கவுன்சிலர் என்று ஒரு பெண். "மேடம், இன்னைக்கே புக் பண்ணா 45,000 இல்ல, 36,000தான்" என்று அட்டவணையைக் காட்டினார். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி இருந்தது.

அந்த ரிப்போர்ட்டில் இருந்தது 'கம்ப்ளீட் டேர்', அதாவது முழுசாக அறுந்திருக்கிறது. ஸ்கேன் சென்டரில் மறு பிரதி வாங்கிய பிறகுதான் இது எங்களுக்குத் தெரியவந்தது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டின் கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று ஒரு பத்தி இருக்கும். முடிவு முழுக்க அங்கேதான் இருக்கிறது. எங்கே காட்டப் போனாலும் அந்தப் பக்கத்தை முதலில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'கம்ப்ளீட்' என்றால் முழுசு, 'பார்ஷியல்' என்றால் ஒரு பகுதி மட்டும். இந்த இரண்டு சொல் தெரிந்தாலே எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வது ரிப்போர்ட்டில் உள்ளதுதானா என்று பிடித்துவிடலாம்.

சரி, ஊசிக்கு வருவோம். கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு மெஷினில் வைத்துச் சுழற்றி, மேலே தெளிந்த மஞ்சள் திரவத்தை முட்டியில் ஏற்றினார்கள். இதற்குப் பெயர் பிஆர்பி, ரத்தத் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முட்டி தேய்மானத்துக்கு இதைப் பயன்படுத்தும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முழுசாக அறுந்து இரண்டு முனையும் விலகி நிற்கும் ஏசிஎல்லை இது ஒட்ட வைக்காது. உண்மையிலேயே ஸ்டெம் செல் கொடுத்திருந்தாலும் அது தப்புதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று சொல்லிக் காசுக்கு விற்கக் கூடாது. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம், அந்த ஆய்வில் சேருபவரிடம் காசு வாங்கக் கூடாது.

ஆனால் முதல் ஊசிக்குப் பிறகு தம்பிக்கு நிஜமாகவே வலி குறைந்தது! இரண்டாவதற்குப் பிறகு நன்றாக நடந்தான். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

இந்த மையங்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஏசிஎல் அறுந்தால் சில வாரங்களில் வீக்கமும் வலியும் தானாகவே குறையும். ஊசி போட்டாலும் குறையும், மஞ்சள் பத்துப் போட்டாலும் குறையும், ஒன்றுமே செய்யாமல் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாலும் குறையும். உள்ளே கட்டிய ரத்தம் கரைகிறது, அவ்வளவுதான். நேராக நடக்க ஏசிஎல் பெரிதாகத் தேவைப்படாது. சட்டென்று திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும்தான் அது இல்லாத குறை தெரியும். அப்போது முட்டி விலகுவது போல, மடங்கிக்கொள்வது போல இருக்கும். ஆகவே வலி போய்விட்டதா என்று கேட்டுப் பயனில்லை. படி இறங்கும்போது, யாராவது கூப்பிட்டுத் திரும்பும்போது முட்டி நிற்கிறதா, வழுக்குகிறதா என்று கேளுங்கள். தம்பிக்கு வழுக்கியது. மையத்தில் சொன்னதற்கு "தசை பலவீனம், போகப் போகச் சரியாகிடும்" என்றார்கள். மூன்றாவது ஊசி முடிந்ததும் "இனி விளையாடலாம்" என்றும் சொல்லிவிட்டார்கள்.

விளையாடப் போனான். பயிற்சியில் ஒரு திருப்பத்தில் முட்டி மறுபடி விலகி விழுந்தான். அதிலிருந்து உட்கார்ந்து எழும்போது சில சமயம் முட்டி பாதியில் மாட்டிக்கொள்ளும், காலை அப்படி இப்படி ஆட்டினால்தான் விடும்.

அப்போதுதான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். எலும்பு மருத்துவர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் முன்பே "படுப்பா தம்பி" என்றார். முதலில் நல்ல காலைப் பிடித்தார். முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்தார். ஏதோ கயிறு தடுத்தது போல நின்றது. அடிபட்ட காலில் அதையே செய்தார். எலும்பு தடையில்லாமல் முன்னால் வந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. இதற்கு லாக்மன் சோதனை என்று பெயர். அமெரிக்காவில் ஜான் லாக்மன் என்ற எலும்பு மருத்துவர் சொல்லிக்கொடுத்து, அவரிடம் பயின்றவர்கள் 1976-ல் எழுதி வெளியிட்டது. மெஷின் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு நிமிடம் போதும். நாங்கள் 36,000 கட்டிய இடத்தில் இந்த ஒரு நிமிடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

புது எம்ஆர்ஐயில் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு அது. பழைய ரிப்போர்ட்டில் அது நன்றாக இருப்பதாகத்தான் இருக்கிறது. ஏசிஎல் இல்லாத முட்டி ஒவ்வொரு முறை விலகும்போதும் இந்த மெத்தை நசுங்கும். சீக்கிரம் வந்திருந்தால் தைத்திருக்கலாம், இப்போது கிழிந்த பகுதியைச் செதுக்கி எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார் மருத்துவர். எடுத்த மெத்தை திரும்ப வளராது. பிற்காலத்தில் தேய்மானம் சீக்கிரம் வர இது ஒரு காரணமாகும்.

இதற்காக ஏசிஎல் அறுந்த எல்லோரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதுவும் இன்னொரு வியாபாரம். "நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க" என்று அவசரப்படுத்தும் இடங்களும் இருக்கின்றன. சுவீடனில் 121 இளைஞர்களை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன் செய்தார்கள், மீதிப் பேரை முதலில் உடற்பயிற்சி சிகிச்சையில் வைத்து, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன் என்று விட்டார்கள். அப்படி விட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து வருடம் கழித்தும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆபீஸ் வேலை, நடை, சைக்கிள் என்று இருப்பவருக்கு ஒழுங்கான பிசியோதெரபியே போதுமானதாக இருக்கலாம். கபடி, ஃபுட்பால் ஆட வேண்டும், அல்லது பயிற்சிக்குப் பிறகும் முட்டி விலகிக்கொண்டே இருக்கிறது என்றால் கதை வேறு. அடிபட்ட உடனே முட்டியை 90 டிகிரியில் மடக்கிக் கட்டி, வாரக்கணக்கில் வைத்துத் தானாக ஒட்ட விடும் முறையை ஆஸ்திரேலியாவில் முயன்று பார்க்கிறார்கள். இது தெரிந்தவர் யாராவது "ஒட்டும்தானே" என்று கேட்கக்கூடும். அது அடிபட்ட முதல் சில வாரங்களுக்குள் தொடங்குவது, ஊசியால் நடப்பதும் இல்லை.

தம்பிக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்தது. முட்டியில் சின்ன ஓட்டைகள் போட்டு, தொடையின் பின்பக்கத் தசைநாரிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் புது ஏசிஎல்லாக மாட்டினார்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் இந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். தனியாரில் பணம் புரட்டும் முன்பு காப்பீட்டுப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 9 மாதத்துக்கு முன் கபடிக் களத்தில் கால் வைக்கக் கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் ஒற்றைக் காலில் தாண்டச் சொல்லி, நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அனுமதியாம்.

அந்த மையத்தில் எங்களோடு காத்திருந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். பைக்கிலிருந்து விழுந்து, முட்டிக்குக் கீழே முன்பக்கம் அடிபட்டவர். அவருக்கு அறுந்தது பின் சிலுவைத் தசைநார், பிசிஎல். தனியாக அது மட்டும் அறுந்தால் பல பேருக்குப் பிரேஸும் (முட்டியைத் தாங்கும் பட்டை) பயிற்சியுமே போதும். அவருக்கும் அதே மூன்று ஊசி, அதே 36,000. பக்கத்தில் தேய்மானத்துக்கு வந்திருந்த ஆயாவுக்கும் அதேதான்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: முதலில் மருத்துவப் பதிவேடுகளை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. எங்களுக்குக் கொடுத்த ஃபைலில் 22 வயதுப் பையனுக்கு 'மூட்டுத் தேய்மானம்' என்று எழுதியிருந்தது! ரசீதில் 'தெரபி சார்ஜ்' என்று மட்டும். மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும், எங்களுடையதில் இல்லை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். காசு வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

நோட்டீஸ் போனதும் அந்தக் கவுன்சிலர் பெண்ணே போன் செய்தார். பாதிப் பணம் திருப்பித் தருகிறார்களாம், சிகிச்சை திருப்தி என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூகுள் மேப்பில் நான் எழுதிய நாலு வரியை எடுத்துவிட வேண்டுமாம். நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இப்போது நாலு ஊசி என்று மாற்றியிருக்கிறார்கள்.