வீட்டுக்கல்விப் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவுக்கு கூகுள் சைட்ஸ்: எது நன்றாக இருக்கிறது, எங்கே இடிக்கிறது

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆண்டு மலர், அறிவியல் கண்காட்சிச் சான்றிதழ், தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதம் என்று ஏதாவது மிஞ்சும். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்கு அப்படி எதுவும் தானாகச் சேராது. என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு கைக்கு வரும் சான்றிதழிலும் பாடங்களும் மதிப்பெண்களும்தான் இருக்கும். எட்டு வயதிலிருந்து அதுவரை பிள்ளை கட்டியது, வரைந்தது, கவனித்து எழுதியது எதற்கும் பதிவு கிடையாது. ‘பெர்சனல் பிராண்ட்’ என்று இன்று பேசப்படுவதில் வீட்டுக்கல்விக் குடும்பத்துக்கு உதவுவது இந்த ஒரு பகுதிதான்: செய்த வேலையைத் தேதியோடு ஓரிடத்தில் சேர்த்து வைத்து, கேட்பவருக்கு ஒரு லிங்க்கை அனுப்ப முடிவது. போர்ட்ஃபோலியோ என்பது இந்தத் தொகுப்புதான். பிள்ளையின் முகத்தைப் பிரபலமாக்குவது இதில் சேராது, சேரவும் கூடாது.

இந்த வேலைக்கு, இணையதளம் கட்ட கூகுள் தரும் கருவியான கூகுள் சைட்ஸ் எப்படி? இலவசம், விளம்பரம் வராது, கோடிங் தெரிய வேண்டாம். லைக், ஃபாலோயர், கமென்ட் எதுவும் இல்லை என்பதை இதன் பெரிய பலமாகச் சொல்வேன். இன்ஸ்டாகிராமில் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் நடத்துவதாக பயோவில் எழுதியாக வேண்டும். அப்படி எழுதினாலும் எண்ணிக்கை பார்க்கும் பழக்கம் பிள்ளையைத் தொற்றிக்கொள்ளும். பத்து வயதில் ‘இந்தப் பதிவுக்கு ஏன் 12 லைக்தான்?’ என்ற கேள்வி வந்துவிட்டால், அடுத்த வேலையைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் ஆர்வமாக இருக்காது.

கணக்கிலிருந்து தொடங்கலாம். அம்மா அல்லது அப்பா பெயரில், இதற்கென்றே புதிய கூகுள் கணக்கு ஒன்று திறப்பது நல்லது. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி கிடைக்கும். வீடியோக்களை யூடியூபில் வைத்தால் அது பல ஆண்டுகளுக்குத் தாங்கும். தனிக் கணக்கில் ஒரு ஆபத்து உண்டு: இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை கூகுள் அழிக்கலாம். காலாண்டுக்கு ஒரு முறை லாகின் செய்ய நினைவூட்டல் போட்டுவிடுங்கள். பிள்ளைக்குச் சொந்தக் கணக்கு வைத்துக்கொள்ளும் வயது வந்ததும் அந்தக் கணக்கை எடிட்டராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தளத்தின் முகவரியில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், சிறு கோடு மட்டும்தான் போட முடியும். முழுப் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டவே வேண்டாம். முதல் பெயரோடு பிள்ளையின் துறையைச் சேர்த்தால் போதும். உள்பக்கங்களுக்குத் தமிழில் தலைப்பு வைத்தால் அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடும். பக்கத்தைச் சேர்க்கும்போதே ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் கஸ்டம் பாத் என்ற இடத்தில் சிறிய ஆங்கிலப் பெயர் ஒன்றைக் கொடுத்துவிட்டால் தலைப்பு தமிழிலேயே இருக்கும், லிங்க்கும் சுருக்கமாக இருக்கும். எழுத்துருவையும் கவனியுங்கள். தமிழ் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தால், பார்ப்பவரின் போனில் எது இருக்கிறதோ அதில்தான் தெரியும். உங்கள் லேப்டாப்பில் இருந்த அழகு அங்கே இருக்காது.

மூன்று பக்கம் போதும்: முகப்பு, வேலைகள், அறிமுகம். பயன் எல்லாம் ‘வேலைகள்’ பக்கத்தில் இருக்கிறது. பறவை பார்க்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ‘எனக்குப் பறவைகள் பிடிக்கும்’ என்ற வரியோடு இருபது படம் போட்டால் அதில் படிக்க ஒன்றும் இல்லை. ‘பள்ளிக்கரணை, ஜனவரி, காலை 6.30 முதல் 8 வரை’ என்று தலைப்பிட்டு, பார்த்த இனங்கள், எண்ணிய விதம், இனம் காண முடியாமல் போன ஒரு பறவை, அதற்கு எந்தக் கையேட்டைப் புரட்டியது, கடைசியில் ஏன் ‘உறுதியில்லை’ என்று எழுதியது, இவ்வளவையும் 150 சொல்லில் சொன்னால் படிப்பவருக்கு அந்தப் பிள்ளை யார் என்று புரிந்துவிடும். நோட்டுப் புத்தகப் பக்கத்தின் படம் ஒன்று, களத்தில் எடுத்த படம் ஒன்று. எழுத்துப்பிழை திருத்துவதோடு பெரியவர்கள் நின்றுவிட வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் நாற்பது வயது வாக்கியம் இருந்தால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இதே பிள்ளை, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்ட் தளத்தில் உள்ள தன் பட்டியலை லிங்க் செய்தால் ஒரு எச்சரிக்கை. வீட்டு மாடியிலிருந்து பார்த்த பட்டியலில் இடக்குறி வீட்டின் மேலேயே விழும். அதைப் பொதுவில் காட்ட வேண்டாம். பூங்கா, ஏரி போன்ற பொது இடப் பட்டியல்களை மட்டும் கொடுங்கள். கோடிங் செய்யும் பிள்ளைக்கு, ஸ்க்ராட்ச் (பிள்ளைகளுக்கான கோடிங் தளம்) புராஜெக்டின் எம்பெட் கோடை, அதாவது வேறு பக்கத்தில் பதிக்கத் தரும் குறியீட்டை, இன்சர்ட் மெனுவில் ஒட்டினால் விளையாட்டு பக்கத்துக்குள்ளேயே ஓடும். இது மிக நன்றாக வேலை செய்கிறது.

அடிக்கடி நடக்கும் தவறு டிரைவ் கோப்புகளில்தான். பிடிஎஃப்பையோ வீடியோவையோ டிரைவிலிருந்து நுழைத்தால், தளம் பொதுவில் இருந்தாலும் கோப்பின் அனுமதி தனியாக நிற்கும். உங்கள் கணக்கில் எல்லாம் சரியாகத் தெரியும். கல்லூரிக்காரர் திறந்தால் அனுமதி கேட்கும். கோப்பின் ஷேர் அமைப்பில் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றிவிட்டு, உங்கள் கணக்கு லாகின் ஆகாத இன்காக்னிட்டோ விண்டோவில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பாருங்கள். இரண்டாவது, பப்ளிஷ் பட்டனை மறப்பது. திருத்தங்கள் தானாகச் சேமிக்கப்படும், ஆனால் மறுபடி பப்ளிஷ் செய்யும்வரை வெளியே பழைய பக்கம்தான் தெரியும். யூடியூப் வீடியோ ‘பிரைவேட்’ என்றால் மற்றவர்களுக்கு ஓடாது, லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும் ‘அன்லிஸ்டட்’ போடுங்கள். ‘மேட் ஃபார் கிட்ஸ்’ என்று குறித்தால் கமென்ட் பகுதி மூடிவிடும்.

பப்ளிஷ் அமைப்பிலேயே தேடுபொறிகளில் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு டிக் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அதைப் போட்டே வையுங்கள். லிங்க் கொடுத்தவருக்குத் தளம் எப்படியும் திறக்கும். இது பூட்டு அல்ல என்பதால் படங்களில் என்ன விழுகிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். போன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். வாசல் கதவு எண், வண்டி நம்பர் பிளேட் இரண்டும் பின்னணியில் வரக்கூடாது. சான்றிதழை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றுபவர்கள் நிறைய. அதில் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பதிவெண் எல்லாம் இருக்கும்; மறைத்துவிட்டுப் போடுங்கள். பாட்டு ஆசிரியரோ பயிற்சியாளரோ எழுதிக் கொடுத்த பாராட்டை ஏற்றும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குறைகள் உண்டு. போனில் எடிட் செய்வது கஷ்டம், கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும். தேதி வரிசையில் பதிவு போடும் வலைப்பூ வசதி இல்லை. புதிய வேலையை நீங்களே மேலே இழுத்து வைக்க வேண்டும். வடிவமைப்பில் கை கட்டித்தான் இருக்கும். தளத்தை வேறு இடத்துக்கு அப்படியே மாற்ற முடியாது, கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகக் கோப்புகளாக இறக்கி வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை அதைச் செய்வது அவசியம்.

சொந்த டொமைன் (காசு கொடுத்து வாங்கும் தனி இணைய முகவரி) இணைக்கலாம். அது முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ள முகவரியில்தான் நேராக வேலை செய்யும். வாங்கும் முன் யோசியுங்கள். புதுப்பிக்க மறந்தால் அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிவிடலாம். பிள்ளை ஏற்கெனவே அனுப்பிய விண்ணப்பங்களில் இருக்கும் லிங்க் முன்பின் தெரியாத தளத்தைத் திறக்கும். ஐந்து ஆண்டு விடாமல் பணம் கட்டுவோம் என்ற உறுதி இல்லையென்றால் இலவச முகவரியே மேல்.

எழுத்து, ஆய்வு, கைவேலை, இயற்கைக் கவனிப்பு என்று போகும் 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஓவியத்திலோ டிசைனிலோ தீவிரமாக இருப்பவருக்குப் பக்கத்தின் தோற்றமும் வேலையின் பகுதி என்பதால் கேன்வா என்ற டிசைன் கருவியில் செய்யும் தளம் பொருத்தம். 13 தாண்டி நிஜமாகவே கோட் எழுதும் பிள்ளை, தானே எழுதிய கோடைத் தளமாக வெளியிடும் கிட்ஹப் பேஜஸுக்குப் போய்விடலாம். அந்தத் தளத்தைக் கட்டியதையே முதல் வேலையாக அதில் காட்டலாம்.