சண்டிகர் கேப்பிடல் காம்ப்ளெக்ஸ்: ஒரு சென்ட்ரிங்காரர் பார்வையில்

முப்பது வருடமாகப் பாளையங்கோட்டையில் சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் ஊற்ற அச்சுப் பலகை அடிக்கிற வேலை பார்க்கிறேன். மகளைப் பார்க்க மொகாலிக்குப் போன இடத்தில், வீட்டுக்காரியோடு, தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் இருக்கிற சண்டிகர் கேப்பிடல் காம்ப்ளெக்ஸையும் சுற்றி வந்தேன். கட்டணம் கிடையாது. அசல் ஆதார் கையில் இருக்க வேண்டும். செக்டர் 1 சுற்றுலா மையத்தில் பெயர் கொடுத்தால் வழிகாட்டியே கூட்டிப்போகிறார்.

தலைமைச் செயலகத்தைப் பார்த்ததும், "பூசாமலே விட்டுட்டாவளா?" என்றாள் இவள். 254 மீட்டர் நீளக் கட்டடம், பூச்சே இல்லை. வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வேண்டுமென்றுதான் அப்படி விட்டிருக்கிறார். உயர் நீதிமன்றச் சாய்தளத்தின் பக்கச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையின் அகலமும் தனித்தனியாகத் தெரிகிறது. மரத்தின் ரேகை, ஒரு கணுவின் வட்டம், இரண்டு பலகை சேரும் இடத்தில் சிமெண்ட் பால் கசிந்து இறுகிய மெல்லிய வரப்பு, எல்லாம் அப்படியே இருக்கின்றன. பலகை அடித்தவர் பெயர் எங்கேயும் இல்லை, கைவேலை மட்டும் அறுபது வருடத்துக்கு மேலாக நிற்கிறது. நாங்கள் இப்போது இரும்பு ஷீட்டில் அடிக்கிறோம். கோணல் இருந்தால் கொத்தனார் பூசி மறைத்துவிடுவார். இங்கே மறைக்க வழியே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கட்டடங்களுக்கு வெயில் படாமல் ஜன்னலுக்கு முன்னால் ஆழமான தடுப்பு, உயர் நீதிமன்றத்துக்கு மேலே குடை மாதிரி இன்னொரு கூரை என்று அத்தனை யோசித்தவர், நடுவில் உள்ள பெரிய முற்றத்தில் நடக்கிறவர்களுக்கு நிழல் வைக்கவில்லை. நம்மூர் வெயில் பழகிய எனக்கே தலை சுற்றியது. காலைச் சுற்றுக்கே போங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள 26 மீட்டர் உயரத் 'திறந்த கை' சிற்பம், காற்றுக்குத் திரும்பும் என்றார் வழிகாட்டி. நாங்கள் நின்ற நேரம் காற்றில்லை.

அப்புறம் பக்கத்திலேயே ராக் கார்டன். சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையலும் ஓட்டுச்சில்லும் சேர்த்து யாருக்கும் தெரியாமல் கட்ட ஆரம்பித்த தோட்டம். அதற்கே அரை நாள் வேண்டும், நாங்கள் அவசரமாகப் பார்த்தோம்.

சாயங்காலம் சுக்னா ஏரி. மழைக்கால ஓடையை மறித்து 1958-இல் கரை போட்டது. கரை மேல் வண்டி விடக்கூடாது என்று கொர்பூசியே அப்போதே சொல்லிவிட்டாராம். கடலை கொறித்தபடி நடந்தோம். "நயினார்குளத்துக் கரையும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்!" என்று இவள் இரண்டு தடவை சொன்னாள்.