ஓட்டிப் பார்த்தது ஒரு வண்டி, கைக்கு வந்தது வேறு வண்டி

புதிதாக பிக்கப் எடுக்கப் போகிறவர்கள், அதிலும் மலை ரோட்டில் லோடு ஏற்றப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஷோரூமில் ஓட்டிப் பார்த்த வண்டியும் என் பெயருக்கு பில் போட்ட வண்டியும் ஒரே வகைதானா என்று நான் சரிபார்க்கவில்லை. எட்டு மாதமாக அதற்கான பலனை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

ஷோரூமின் பெயரையும் வண்டியின் பெயரையும் எழுதவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. தவிர, வண்டியைச் செய்த கம்பெனி மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. விற்றவர்கள் செய்த காரியத்தைத்தான் சொல்கிறேன்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம். காலையில் உர மூட்டை, சிமெண்ட், கோழித் தீவனம் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு வடகாடு வழியாகப் பாச்சலூர் மலைக்குப் போவேன். திரும்பும்போது சௌசௌ, பீன்ஸ், வாழைத்தார் ஏற்றி வந்து மார்க்கெட்டில் இறக்குவேன். பதினோரு வருடம் குட்டி யானை ஓட்டினேன். டாட்டா ஏஸ்தான். 2005இல் அந்த வண்டி வந்தபோது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன். முக்கால் டன் ஏற்றி அந்த இன்ஜின் என் குடும்பத்தையே இழுத்தது. ஆனால் மலைக்கு உரம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு நடை ஏறி இறங்க என் இடுப்பும் விடவில்லை. ஒன்றரை டன் ஏற்றுகிற வண்டி ஒன்று எடுத்தால் ஒரே நடையில் வேலை முடியும் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் மஹிந்திரா பொலிரோ பிக்கப். மார்க்கெட்டில் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் வைத்திருக்கிறார். "லோடோட ஓட்டிப் பாருப்பா, காலியா ஓட்டி என்ன தெரியப்போகுது" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். 2523 சிசி, நாலு சிலிண்டர். ஆக்சிலேட்டரை மிதித்து அலறவிட வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் வைத்தால் அடியிலிருந்தே இழுக்கிறது. லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்பக்கம் தூக்கிப் போட்டது. பின்னால் இருப்பது ஸ்பிரிங் பட்டை, காலி வண்டி குதிக்கத்தான் செய்யும்.

அடுத்தது அசோக் லேலண்ட் தோஸ்த், ஓசூரில் தயாராகிற வண்டி. 2011இல் வந்ததிலிருந்து எங்கள் மார்க்கெட்டில் ஓடுகிறது. ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர். நின்றபடி ஓடும்போது கியர் லிவரில் ஒரு நடுக்கம் தெரியும், மூன்று சிலிண்டர் என்றால் அது இருக்கும். வண்டி நகர்ந்துவிட்டால் சரியாகிவிடுகிறது. மூக்கில்லாத தட்டை முகம் என்பதால் முன்னால் ரோடு நன்றாகத் தெரிகிறது, குறுகலான வளைவில் திருப்ப வசதி. இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் மதிய நேரத்தில் சூடு தெரிந்தது.

மூன்றாவதாகப் போனதுதான் பிரச்சினைக்குரிய ஷோரூம். ஆடி மாதம். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், அதனால் ஷோரூம்காரர்கள் விழுந்து விழுந்து கவனிப்பார்கள். விற்பனைத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பேச்சு. ஓட்டிப் பார்க்கிற வண்டி வாசலிலேயே நின்றது. டீலர் வண்டிக்குரிய சிவப்பு நம்பர் பிளேட், வெள்ளை எழுத்து. பின்னால் தொட்டியைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஏறி உட்கார்ந்ததும் முதுகுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. சீட்டின் சாய்மானத்தைப் பின்னால் தள்ள முடிந்தது. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. பக்கத்தில் அந்தத் தம்பி உட்கார்ந்து ஏசியைக் கூட்டி, பாட்டையும் போட்டுவிட்டார். நாலுவழிச்சாலையில் போய் அடுத்த பாலத்தடியில் திரும்பி வந்தோம், மொத்தம் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. காலி வண்டி என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன், ஆனால் குதிக்கவே இல்லை. வேகத்தடையில் கார் மாதிரி ஏறி இறங்கியது. மற்ற இரண்டு வண்டியையும்விட இதுதான் சொகுசு என்று அன்றைக்கே மனதில் முடிவு செய்துவிட்டேன்.

"மலையில லோடோட ஒரு தடவை ஏத்திப் பாக்கணுமே தம்பி" என்றேன். "இன்சூரன்ஸ் பிரச்சினை வரும்ணே, ஷோரூம் வண்டியில லோடு ஏத்த விடமாட்டாங்க" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. கிளம்பும்போது கேட்டேன், எனக்கு வரப்போவது இதே வண்டிதானே என்று. "இதேதாண்ணே. கலர் மட்டும்தான் வேற. ஆடி முடியறதுக்குள்ள புக் பண்ணிட்டீங்கன்னா 20,000 தள்ளுபடி, ஆவணி முதல் முகூர்த்தத்துல டெலிவரி." வீட்டுக்கு வந்த பிறகு இதையே வாட்ஸப்பில் குரல் பதிவாகவும் அனுப்பினார். அந்தப் பதிவுதான் இன்றைக்கு என் கையில் இருக்கும் பெரிய சாட்சி.

குட்டி யானையை எக்ஸ்சேஞ்சில் 1,40,000க்குக் கொடுத்தேன். மீதிக்குக் கடன்.

டெலிவரி அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நான், மனைவி, அம்மா, மாமா எல்லோரும் போயிருந்தோம். வண்டிக்கு மாலை போட்டாகிவிட்டது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. மாமா சூறைத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "ராகுகாலம் வரப்போகுது, சீக்கிரம் வாங்க" என்று கூப்பிடுகிறார். அந்த நேரத்தில்தான் உள்ளே கண்ணாடி அறையில் ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்து, பென்சிலில் கோடு போட்ட இடமெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பதினான்கு இடம். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. அம்மா கற்பூரத்தோடு நிற்கும்போது யாருக்குப் படிக்கத் தோன்றும்?

வீட்டுக்கு ஓட்டி வரும்போதே சீட் சாயவில்லை. பிடியைத் தேடித் தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்று இல்லவே இல்லை. போன் செய்தால், "அது வேற லாட்டுண்ணே, சீட் மட்டும் மாறியிருக்கும்" என்றார். சரி, சீட்தானே என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் டிஏபி உரம் 28 மூட்டை ஏற்றினேன். மூட்டைக்கு 50 கிலோ, மொத்தம் 1,400 கிலோ. ஒன்றரை டன் வண்டி என்று சொல்லித்தானே கொடுத்தார்கள். மலையடிவாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஏற்றம் ஆரம்பித்து வளைவு வந்ததும் இரண்டாவது கியரில் திணறியது, முதல் கியருக்கு வந்தேன். அடுத்த வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியதால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அங்கிருந்து எடுக்கும்போது வண்டி நகரவில்லை. ஹாஃப் கிளட்சில் பிடித்து, மிதித்து, கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் கேபின் முழுக்க ஏறியது. என்னோடு வரும் பையன் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். எட்டு மூட்டையை அங்கேயே ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டுத்தான் மேலே போனோம். பதினோரு வருடத்தில் குட்டி யானை ஒரு நாளும் என்னை அப்படி நடுவழியில் நிறுத்தியதில்லை.

அதற்கு அப்புறம்தான் காகிதங்களை எடுத்துப் படித்தேன். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், மொத்த எடை, காலி எடை இரண்டும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரிந்துவிடும். என் வண்டிக்கு 1,200 கிலோதான் வந்தது, அதிலும் ஓட்டுகிற ஆளின் எடை சேர்ந்திருக்கிறது. அதாவது சட்டப்படி நான் அன்று அதிக லோடு ஏற்றியவன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடை மேடைக்கு யாராவது வண்டியைத் திருப்பியிருந்தால் ஒரு மாதத் தவணை போயிருக்கும்.

மச்சானைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஷோரூமுக்குப் போனேன். நான் ஓட்டிப் பார்த்த வண்டி அங்கேயே நின்றது, தார்ப்பாயை ஒரு பக்கம் அவிழ்த்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால், கேபினை ஒட்டி வரிசையாக ஐந்து மணல் மூட்டை. லோடு ஏற்ற விடமாட்டோம் என்று சொன்ன வண்டியில்! ஸ்பிரிங் பட்டை வண்டியில் பின்னால் இருநூறு, முந்நூறு கிலோ இருந்தால் குதிப்பு அடங்கிவிடும் என்பது வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கதவுப் பக்கம் இருந்த, வண்டியின் விவரம் பொறித்த தகட்டை மச்சான் போட்டோ எடுத்தான். அதில் மொத்த எடை என் வண்டியைவிட 300 கிலோ அதிகம். ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். மேல் வகைக்கு இழுவை கூடுதலாக வைத்த இன்ஜின், கனத்த ஸ்பிரிங், பவர் ஸ்டியரிங், ஏசி, சாயும் சீட். நான் ஏசி வேண்டாம், ஸ்டியரிங் மட்டும் பவராக வேண்டும் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டிருந்தேன். அதைச் சாக்காக வைத்து, ஸ்டியரிங்கை மட்டும் சேர்த்து, கீழ் வகையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இன்ஜின் மாறும், ஏற்றும் எடை மாறும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

மேனேஜர் கொட்டேஷனை எடுத்து வைத்து, "இதுல மாடல் கோடு தெளிவா இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார். நாலு ஆங்கில எழுத்து, மூன்று எண். அதுதான் அவருக்குத் தெளிவு.

இனி எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டிப் பார்க்கும் வண்டியின் தகட்டை முதலில் போட்டோ எடுங்கள். கொட்டேஷனில் மாடல் கோடு மட்டும் போதாது. மொத்த எடை, ஏற்றும் எடை, இன்ஜினின் குதிரைத் திறன், டார்க் நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். குதிரைத் திறனை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். மலையில் வேலை செய்வது டார்க், அதாவது நாம் புல்லிங் என்று சொல்வது. அது எத்தனை ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதையும் கேளுங்கள். குறைந்த சுற்றிலேயே கிடைத்தால்தான் வளைவில் நின்ற வண்டி கிளம்பும். தொட்டியைத் திறந்து பாருங்கள். காலியாக ஒரு முறை, மேடான ரோட்டில் நிறுத்தி எடுத்து ஒரு முறை, ஏசியையும் பாட்டையும் அணைத்து ஒரு முறை ஓட்டுங்கள். சீட்டில் அரை மணி நேரமாவது உட்காருங்கள், ஐந்து நிமிடத்தில் எந்த சீட்டும் முதுகைக் குத்தாது. ஷோரூமில் லோடு ஏற்ற விடவில்லை என்றால் அதே வகை வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாலேயே உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைப் போய்ப் பாருங்கள், சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபார்ம் 21 என்கிற விற்பனைச் சான்றிதழில் தயாரித்த மாதம், வருடம், இன்ஜின் திறன், மொத்த எடை எல்லாம் இருக்கும். பூஜைக்கு முந்தின நாளே அதை வாங்கிப் படியுங்கள். ஷோரூம் ஆள் வாயால் சொல்வதை வாட்ஸப்பில் கேட்டு வாங்குங்கள்.

"இது தொழில் வண்டி, நுகர்வோர் கேஸ் நிற்காது" என்று என்னை மிரட்டிப் பார்த்தார்கள். அது உண்மையில்லை. சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். பிறகு வக்கீல் நோட்டீஸ், அதற்கு அப்புறம் மாவட்ட ஆணையம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். நோட்டீஸ் போன மறுவாரமே சீட்டை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று போன் வந்தது. சீட்டுக்காகவா நான் அலைகிறேன்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது 20 மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை. பழையபடி இரண்டு நடைதான். எங்கள் பக்கத்தில் யாராவது பிக்கப் எடுக்க யோசித்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். காலை ஐந்தரைக்கு உரக்கடை வாசலில் இருந்து கிளம்புவேன். லோடோடு என் வண்டியை நீங்களே மலையில் ஏற்றிப் பாருங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.